தொலைந்த சாமானுக்கு யார் பொறுப்பு? ஒரு சட்டத்தின் கதை



பிள்ளையார்பட்டி, காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சீர் கொடுத்தால் தட்டு முதல் தவலை வரை கணக்கு எழுதி வைப்பார்கள். பாத்திரத்தில் பெயரும் வெட்டியிருக்கும். ஆனால் இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் புனேயிலிருந்து குடிமாறி ஊருக்கு வரும்போது, லாரியில் ஏற்றியதற்குப் பட்டியல் இருப்பதில்லை. இரண்டு பெட்டி குறைந்தால் ‘போனது போனதுதான்’ என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி விடச் சொல்லவில்லை.

1830-இல் இங்கிலாந்தில் குதிரைவண்டிக்காரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. விலை உயர்ந்த பொருள் 10 பவுனுக்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை. இந்தியாவில் 1865-இல் வந்த சரக்கேற்றிகள் சட்டத்தில் இதே வரம்பு 100 ரூபாய். நகை, பணம் போன்றவை இந்தப் பட்டியலில் வந்தன.

ஆனால் அதே 1865 சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு பிரிவும் இருந்தது. 9-ஆம் பிரிவு. சாமான் தொலைந்தால், வண்டிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை! ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் மட்டும் கவனக்குறைவிலிருந்து தப்பிவிட முடியாது. இந்த விதி நுகர்வோர் மன்றங்களுக்கும் பொருந்தும் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிக்கல் எங்கே? கெடுவில்தான். வழக்குப் போடுமுன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது 1899-இல் சேர்ந்தது. இழப்பு தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதம் இருந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007-இல் இயற்றி 2011-இல் அமலுக்கு வந்த சாலைவழி சரக்குச் சட்டத்தில் 180 நாள். அதுவும் சாமானை புக்கிங் செய்த நாளிலிருந்தே எண்ணப்படும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. அதிக ஆபத்துக் கட்டணம் கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், இழப்பீடு வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது. வாடகை 20,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 2 லட்சம். வீட்டில் ஏற்றிய சாமான் 5 லட்சம் என்றால்?

நல்ல சேதியும் இருக்கிறது. 2020-இல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பிள்ளையார்பட்டிக்காரர் புனேக்கு அலைய வேண்டாம், சிவகங்கை போதும். கெடு இரண்டு ஆண்டு.

அங்கே முதலில் கேட்பது, என்னென்ன ஏற்றினீர்கள் என்பதைத்தான். ஏற்றும்போதே பட்டியல் எழுதி, மதிப்புப் போட்டு, லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆச்சிமார்கள் சீர்க் கணக்கில் எழுதியது வேறொன்றும் இல்லையே!