வாத்தியார் கேட்ட கேள்வி

வகுப்பறை. எல்லாப் பையன்களுக்கும் முன்னால் ஒரு சிறுவனை எழுப்பி நிறுத்திக் கேட்கிறார் வாத்தியார்: ‘‘உங்கப்பா அடிக்கடி குடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வர்றாராமே... நிஜமா?’’

நிஜம்தான். ஆனால், பையன் ‘‘இல்லை சார்!’’ என்கிறான்.

சொன்னது பொய்யா, இல்லையா?

இப்படி ஒரு சிறுவனை உதாரணம் காட்டி, உண்மை பேசுவது என்றால் என்ன என்று எழுதியவர் ஒரு பாதிரியார். டீட்ரிஷ் போன்ஹோஃபர். எழுதிய இடம், பெர்லினில் டேகல் ராணுவச் சிறை. பையன் சொன்னது பொய்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால், நாலு பேர் முன்னால் ஒரு குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்க அந்த வாத்தியாருக்கு என்ன உரிமை? அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் ‘ஆமாம்’ஐவிட, அந்த ‘இல்லை’யில்தான் உண்மை அதிகம். பழி, கேட்டவர் தலையில்!

சிறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாதிரியார் ஏன் பொய்யைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? காரணம் இருந்தது. விசாரணை அதிகாரிகளிடம் அவரே அப்போது பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1933. ஹிட்லர் பதவிக்கு வந்த கையோடு, யூத வம்சாவளியில் வந்த பாதிரியார்களை வெளியேற்றத் துடித்தது சர்ச்சுக்குள்ளேயே ஒரு கூட்டம். ‘அரசாங்கத்துக்கு அடங்கி நடப்பதே கிறிஸ்தவன் கடமை’ என்பது பலருக்கு ரெடிமேட் பதில். போன்ஹோஃபருக்கு அப்போது வயது 27. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதோடு சர்ச்சின் வேலை முடிந்துவிடாது, அடிக்கிற சக்கரத்தையே நிறுத்த வேண்டியும் வரலாம் என்று அந்த வருடமே எழுதிவிட்டார். எழுதிவிட்டாரே தவிர, நிறுத்துவது எப்படி? வன்முறை ஆகுமா? அகிம்சையைக் கற்றுக்கொள்ள காந்தியிடம் வர ஆசைப்பட்டார். 1934-ல் காந்தியும் ‘வரலாம்’ என்று கடிதம் எழுதினார். பயணம் நடக்கவில்லை.

1939 ஜூனில் நியூயார்க் போனார். ராணுவத்துக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பிக்க நல்ல வழி, நண்பர்கள் ஏற்பாடு. நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜெர்மனியின் துன்பத்தில் பங்கெடுக்காமல், பிறகு அந்த நாட்டைச் சீரமைக்க என்ன உரிமை என்று கப்பலேறிவிட்டார்.

அக்கா வீட்டுக்காரர் ஹான்ஸ் வான் டோனானி, ராணுவ உளவுத்துறையில் இருந்தார். ஹிட்லரைத் தீர்த்துக்கட்டும் சதி அங்கேயேதான் உருவாகிக்கொண்டிருந்தது! போன்ஹோஃபரும் 1940-ல் உள்ளே வந்தார். வெளியே சொன்ன காரணம், ‘பாதிரியாருக்கு வெளிநாட்டு சர்ச்சுகளில் பழக்கம் அதிகம், உளவுக்கு உதவுவார்.’ நிஜத்தில், 1942-ல் ஸ்வீடனுக்குப் போய் ஆங்கிலேய பிஷப் ஜார்ஜ் பெல்லைச் சந்தித்து சதியின் விவரங்களைச் சொன்னார். பிரிட்டிஷ் அரசு அசையவில்லை. அதே வருடம் 14 பேரை, பெரும்பாலும் யூதர்களை, உளவாளிகள் என்ற பெயரில் ஸ்விட்சர்லாந்துக்குக் கடத்திக் காப்பாற்றினார் டோனானி. அதிலும் போன்ஹோஃபருக்குப் பங்குண்டு.

ஒருநாள் டோனானி கேட்டார். வாளை எடுப்பவர்களைப் பற்றி இயேசு எச்சரித்தாரே, அது நமக்கும் பொருந்துமா? ‘நமக்குப் பொருந்தாது, நாம் நல்லவர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். போன்ஹோஃபர் சொன்னது, பொருந்தும். அந்தத் தீர்ப்பைத் தலையில் ஏற்றுக்கொள்ளத் தயாரானவர்கள்தான் இப்போது தேவை! நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று நம் வள்ளுவர் ஒரு வழிவிடுகிறார். இவர் அந்த வழியாகவும் நழுவவில்லை. கொலை கொலைதான், குற்றம் குற்றம்தான், செய்தாக வேண்டும் என்றார்.

1943 ஏப்ரல் 5. இருவரும் ஒரே நாளில் கைதானார்கள். ‘நான் வெறும் பாதிரியார், ராணுவ விஷயம் எனக்கென்ன தெரியும்’ என்று அப்பாவியாக நடித்துக்கொண்டே, உண்மையைப் பற்றி எழுதினார் போன்ஹோஃபர். 1944 ஜூலையில் வெடிகுண்டு வெடித்தும் ஹிட்லர் பிழைத்துக்கொண்டான். செப்டம்பரில் சதியின் ஃபைல்கள் சிக்கின. அதற்குமேல் நடிப்பு எடுபடவில்லை.

1945 ஏப்ரல் 9 காலை, ஃப்ளாசன்பர்க் முகாமில் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்து சேர்ந்தது. நண்பர் எபர்ஹார்ட் பெட்கே அவருடைய தாள்களைச் சேகரித்து 1949-ல் புத்தகமாக்கினார். வாத்தியாரும் சிறுவனும் வரும் அந்தக் கட்டுரையும் அதில் இருந்தது. பாதியில் நின்றுபோயிருந்தது.