கூந்தல் சிவந்த கதை

காரைக்கால் கடற்கரையை ஒட்டிய சிற்றூர்ப் பள்ளியிலே ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டிலே நான் கண்ட காட்சி இது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மீனவர் வீட்டுப் பெண், ஒருநாள் காலை தலையிலே முக்காடிட்டு வந்தாள். காரணம் கேட்டேன், கண்ணீர்தான் விடையாக வந்தது. பக்கத்திலிருந்த பையன் துணியைப் பற்றி இழுத்தான். செப்புக் கம்பியென மின்னியது கூந்தல்! "பேய்! பேய்!" என்று கூவிற்று வகுப்பு.

சூடு தணியட்டுமென்று தாய் அன்போடு அரைத்துப் பூசிய மருதாணி செய்த வேலை அது. தாயும் அதே விழுதைத் தன் தலையிலே பூசிக்கொண்டாள். அவள் கூந்தலோ கறுப்பு மாறாமல் இருந்தது. ஒரே இலை, ஒரே அம்மி, ஒரே கை. மகள் தலை மட்டும் சிவப்பானேன்? தெருவிலே தீர்ப்பு ஆயத்தமாக இருந்தது. ஏதோ அண்டியிருக்கிறது, வேப்பிலை அடிக்க வேண்டும்!

சிவந்த கூந்தலைக் கண்டதும் பேய் என்ற சொல் ஏன் பிறக்கிறது? காரைக்காலிலே அதற்கு விடை தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. ஆனித் திங்களிலே மாடிகளிலிருந்து மாங்கனி மழை பொழியும் திருவிழா யாருக்கு? காரைக்கால் அம்மையாருக்கு. கணவன் அஞ்சி விலகிய பின், அழகும் இளமையும் வேண்டாமென உதறி, பேயுருவைக் கேட்டுப் பெற்றாள் அந்தப் புனிதவதி என்கிறது பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணம். அம்மையார் தாமே பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற் பாட்டிலேயே பெண்பேய் ஒன்று வருகிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிவிழுந்த கண், ஒட்டிய வயிறு. அவற்றோடு சிவந்த தலைமயிர்! பக்தர்கள் அங்கே அருட்கோலத்தைக் காண்பர். காணட்டும். என் கண்ணுக்குத் தெரிவது பட்டினியால் உருக்குலைந்த ஒரு பெண்ணின் உடல்.

இது வெறும் வாய்வீச்சு அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலே, இன்று கானா எனப்படும் நாட்டிலே, குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த சிசிலி வில்லியம்ஸ் எனும் அம்மையார், புரதமற்ற உணவால் வரும் கொடு நோயொன்றை 1933இல் விவரித்தார். குவாஷியோர்க்கர் என்று அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரையே பின்னர் அதற்குச் சூட்டினார். வீங்கிய கால், உரியும் தோல் ஆகியவற்றோடு கருமயிர் வெளிறிச் செம்பட்டையாவதும் அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. பசி மயிரைச் சிவக்க வைக்கும், தோழர்களே! அப்படிச் சிவந்த குழந்தையின் கையிலே சோறும் மீனும் முட்டையும் தராமல் தாயத்தைக் கட்டினால் என்ன ஆகும்?

நம் சிறுமி பட்டினி கிடந்தவள் அல்லள். அவள் தலையைச் செம்பட்டையாக்கியது வெயிலும் உப்புநீரும். மயிருக்குக் கருமை தருவது மெலனின் எனும் நிறப்பொருள். கதிரவனின் புற ஊதா ஒளி அதைச் சிதைக்கிறது. நாளெல்லாம் அலையிலே ஆடும் பிள்ளைகளுக்கு உப்புநீரும் அதற்குத் துணை நிற்கிறது. மருதாணி இலையிலே லாசோன் எனும் சாயப்பொருள் உண்டு. அது மயிரிலுள்ள கெரட்டின் எனும் புரதத்தோடு பிணைந்துவிடும். சீயக்காய் எவ்வளவு தேய்த்தாலும் பிரியாது. ஆனால் அது கருமையை நீக்குவதில்லை, தன் செம்மஞ்சளை அதன்மேல் ஏற்றுகிறது, அவ்வளவே. கரும்பலகையிலே செம்மஞ்சள் நீரைப் பூசினால் தெரியுமா? வெள்ளைச் சுவரிலே பூசிப் பாருங்கள்! தாயின் கருங்கூந்தல் பலகை. மகளின் வெளிறிய கூந்தல் சுவர்.

நம் கரைக்கு இது புதிய அறிவா? இல்லை. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். அதற்கு வெகு காலம் முன்பே சோழமண்டலக் கரையின் வண்ணத்துணி ஐரோப்பாவை மயக்கியிருந்தது. தன் நாட்டு நெசவைக் காக்க 1686இல் அத்துணிக்குத் தடை விதித்த பிரான்சு, 1759 வரை அதை நீக்கவில்லை. துணிக்குத்தான் தடை, தொழில் நுட்பத்தைத் தெரிந்துகொள்ளத் தடையில்லை! 1734 அளவிலே பொலியூ எனும் கடற்படை அதிகாரி, புதுச்சேரியிலே சாயத்தொழிலை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு படியிலும் துணித்துண்டு ஒன்றை எடுத்து வைத்துக் குறிப்பெழுதினார். 1742இல் கேர்தூ எனும் சேசு சபைப் பாதிரியார் அதே தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். சொல்லிக் கொடுத்தவர் சாயக்காரர், புகழோ பாதிரியாருக்கு!

அந்தச் சாயக்காரர் செய்தது என்ன? துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்தனர். பழைய இரும்பைப் புளித்த நீரிலே ஊறவைத்து, அந்த நீரால் கோடு இழுத்தனர். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் கூடிய இடம் கறுத்தது. சிவக்க வேண்டிய இடத்திலே படிகாரம் தடவிச் சாயவேர் கொதிக்கும் கொப்பரையிலே முக்கினர். ஒரே வேர், ஒரே கொப்பரை! படிகாரம் தொட்ட இடம் சிவந்தது. தொடாத இடத்தில் சாயம் நிற்கவில்லை. நிறம் வேரிலே மட்டும் இல்லை, அது போய்ச் சேரும் இடத்திலும் இருக்கிறது என்பதைக் கைகளால் அறிந்திருந்தனர் அவர்கள். தாயும் மகளும் தந்த புதிருக்கு அவர்கள் ஒரு நொடியிலே விடை சொல்லியிருப்பார்கள். சாயம் படிந்த அந்தக் கைகளைத்தான் சாதி பேசிய சமுதாயம் படிக்கு வெளியே நிறுத்திற்று.

கடுக்காயும் இரும்பும் தந்த அதே கருமைதான் இரும்புச் சட்டியிலே ஊறிய நெல்லிமுள்ளி நீரிலும் இருக்கிறது. மண்சட்டியிலே ஊறவைத்தவள் நரை நரையாகவே நிற்கக் கண்டு தன் தலைவிதியை நொந்துகொண்டாள். நாளும் கோளும் பார்த்துச் சொன்னவர்கள், சட்டி எது என்று சொன்னார்களா?

அவுரியின் கதையும் இப்படியே. பச்சை இலை, காற்றுப் பட்டதும் நீலம். மருதாணி பூசிய நரையின்மேல் பூசினால் கறுப்புக் கிடைக்கும். வெறும் நரையிலே பூசியவரோ நீலம் பாய்ந்த தலையோடு வெளியே வர நாணி வீட்டிலே இருப்பார். இளம் பெண்ணை மணக்கப் புறப்பட்ட கிழ மாப்பிள்ளை எவருக்கேனும் அந்தத் தண்டனை கிடைத்திருந்தால், இலையை நான் குறை கூறமாட்டேன்! 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஆலை செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட்டது. அவுரி வயல்கள் சரிந்தன. 'கறுப்பு மருதாணி' என்று இன்று கடைகளிலே கிடைக்கும் பொட்டலம் பலவற்றிலே கருமை தருவது இலையன்று, பாரா பினைலீன் டையமின் எனும் வேதிப்பொருள். சிலருக்குத் தோல் கொப்பளித்து முகம் வீங்க அதுவே காரணம். மருதாணி இலை தனித்து ஒருநாளும் கறுப்பு தராது.

நரைக்கு மருந்து கேட்போர் பிசிராந்தையாரிடமும் கேட்கலாம். ஆண்டு பலவாகியும் நரை இல்லாதது எப்படி என்ற கேள்விக்குப் புறநானூற்றிலே அவர் சொன்ன விடையிலே நல்ல மனைவி உண்டு, மக்கள் உண்டு, முறைதவறா அரசன் உண்டு, சான்றோர் வாழும் ஊர் உண்டு. எண்ணெய் மட்டும் இல்லை.

சிறுமிக்கு வருகிறேன். அவளுக்காகப் பேசி வகுப்பை அடக்குவதைவிட, வகுப்பையே சோதனைக் கூடமாக்குவது மேல் என்று பட்டது. தாத்தாவின் நரைமயிரிலே சில இழை, முடிதிருத்தும் நிலையத்திலிருந்து கருமயிர், தம்பியின் தலையிலிருந்து செம்பட்டை மயிர் என்று பிள்ளைகளே கொண்டு வந்தனர். மூன்றையும் ஒரே விழுதிலே புதைத்தோம். துருப்பிடித்த ஆணிகளோடு நெல்லிமுள்ளி ஒரு கண்ணாடிக் குவளையிலே ஊறிற்று. மறுநாள் காலை கழுவிப் பார்த்தபோது, தாத்தாவின் நரை தீப்பிழம்பு போலிருந்தது; செம்பட்டை செம்பாயிற்று; கறுப்பு கறுப்பாகவே இருந்தது, வெயிலிலே பிடித்தால் மட்டும் சற்றே சிவந்தது. குவளை நீர் மையாகிவிட்டிருந்தது. முக்காட்டை இழுத்த பையன் அதிலே குச்சியைத் தோய்த்துத் தாளிலே தன் பெயரை எழுதினான். அடுத்து அவள் குச்சியை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அன்று அவள் முக்காடு போட்டிருக்கவில்லை.