மொனிற்றருக்கு 'அந்தரம்' விளங்குமோ?

எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தா. மாறி மாறிப் பக்கத்தில் நிண்டம். தலைமாட்டில் இருந்த மொனிற்றர் அடிக்கடி கத்தும். மிஸ்ஸி அக்கா வருவா. திரையைப் பார்க்க முதல் அம்மம்மாவின்ர முகத்தைப் பார்ப்பா, கையைத் தொடுவா, விரலில் கழன்ற கிளிப்பைத் திருப்பிக் கொழுவிப்போட்டுப் போவா. ஒருநாள் கேட்டம்: "இனி ஏஐ தான் நோயாளியைக் கண்காணிக்குமாம். உங்களுக்கு விருப்பமோ அக்கா?"

"வரட்டும் தங்கச்சி. ஆனா அது வந்த அண்டைக்கே எனக்கு இன்னும் பத்துக் கட்டில் கூட்டித் தருவினம்."

நாங்கள் எதிர்பார்த்தது பயத்தை, இல்லாட்டி ஆர்வத்தை. அவ சொன்னது கணக்கு. வரலாறு படிக்கிற எங்களுக்கு அதே மாதிரி ஒரு கணக்கு மானிப்பாயில் கிடந்தது ஞாபகம் வந்தது.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஊருக்குப் போய்த் திரும்பி 1862இல் மீண்டும் வந்த பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச சேவைக்கும் வெளியூருக்கும் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே கிராமங்களில் நிற்பார்கள் என்பது அவரது எண்ணம். அதற்காகவே தமிழ் படித்து, நூல்களைப் பெயர்த்தார், பெயர்ப்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது, 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல், 'கெமிஸ்தம்' 1875இல். கலைச்சொல் பட்டியல்களும் அச்சாகின. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள்.

கிறீனைப் பற்றி எங்கட மேடைகளில் பேசுபவர்கள் இந்த இடத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மாணவர்கள் பக்கத்தை ஒருத்தரும் பேசுவதில்லை. அவர்களுக்குத் தமிழ்வழிப் படிப்பில் தயக்கம் இருந்தது. ஆங்கிலம் இல்லாத மருத்துவனுக்கு அரச வேலை எங்கே? இதைத் தாய்மொழிப் பற்றில்லாமை எண்டு திட்டுவது சுகம். ஆனால் 1870இல் கொழும்பில் அரச மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். தமிழ்வழி மருத்துவம் அதன் பிறகு நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே மருத்துவ பீடம் வந்தபோதும் பாடமொழி ஆங்கிலம்தான். மாணவர்களின் கணக்குப் பிழைக்கவில்லை. கிறீனின் நோக்கமும் பிழையில்லை. படித்து முடித்தவனுக்கு என்ன வழி எண்டதுக்குத்தான் பதில் இருக்கவில்லை.

மிஸ்ஸி அக்காவின்ர பத்துக் கட்டிலும் இதே வகைதான். புதுக் கருவி வந்தால் வேலை குறையும் எண்டு சொல்வார்கள். பெரும்பாலும் வேலை கைமாறும். காய்ச்சலை அளக்கும் தெர்மோமீற்றரையே பாருங்கள். ஜேர்மனியின் வுண்டர்லிக் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வெப்பநிலையைப் பதிந்து 1868இல் நூலாக்கினார். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஒல்பட் ஆறு அங்குலக் கருவியைச் செய்து, நீண்ட நேரம் பிடித்த அளவை ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். நாளடைவில் அது தாதியரின் கைக்கு வந்து அன்றாடக் கடமையானது.

ஏஐ கொஞ்சம் வேறு. தெர்மோமீற்றர் அளந்து காட்டும். இது அளந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், கிருமித்தொற்றுக்கு உடலே அளவுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸை முன்கூட்டிக் கணிக்கும் ஒரு மென்பொருளைச் சோதித்தார்கள். ஆய்வு 2021இல் வெளிவந்தது. செப்சிஸ் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டிருந்தது. அதேநேரம் அனுமதிக்கப்பட்டவர்களில் 100க்கு 18 பேருக்கு எச்சரிக்கை அடித்திருந்தது. அத்தனை பொய்ச் சத்தத்துக்கும் ஓடவேண்டியது ஆர்? கொரோனா நேரம் நாங்கள் வீட்டில் விரலில் மாட்டிய ஒக்ஸிமீற்றர்கூட, கறுப்பின நோயாளிகளின் ஒட்சிசன் குறைவை வெள்ளையரை விட ஏறத்தாழ மூன்று மடங்கு கூடத் தவறவிடுவதாக 2020இல் எழுதினார்கள். எங்கட தோலையும் ஒருக்கால் பார்த்துக்கொண்டம்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துக்கே உரியது. 1990க்குப் பிறகு இங்கே பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை, வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. அந்தக் காலத்தில் வேலை செய்த மூத்த தாதியர் கண்ணையும் கையையும் நம்பித்தான் நோயாளியைக் காப்பாற்றினவை. அவை புதுக் கருவியைச் சந்தேகத்தோட பார்த்தால், 'தொழில்நுட்பத்துக்குப் பழகாதவை' எண்டு கருத்துக்கணிப்புப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடலாம். எங்களுக்கு அது படிவத்தின்ர குறையாகத்தான் தெரியுது. 'பிழைத்தால் ஆர் பொறுப்பு, கட்டில் எத்தனை கூடும்' எண்ட கேள்விகளை அதில் சேர்த்துப் பாருங்கோ.

கடைசி இரவு அம்மம்மா, "என்னவோ அந்தரமாக் கிடக்கு பிள்ளை" எண்டா. மொனிற்றர் கத்தவில்லை, இலக்கங்கள் எல்லாம் பச்சையாத்தான் இருந்தது. மிஸ்ஸி அக்காவுக்குச் சொன்னம். அவ ஒரு கேள்வியும் கேட்காமல் கையில் இருந்த கொப்பியை வைச்சிட்டு எழும்பி வந்தா.