ஏரிக்கரையும் மதகும்

பாங்கு என்பது பிறர் பணத்தைக் காப்பது. அப்பணத்தையே கடனாக ஈந்து பிழைப்பதும் அதுவே. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுப்பது சட்டத்தின் கடமை.

1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பலர் ஆயுட்கால சேமிப்பை இழந்தனர். அத்துயரின் விளைவாகவே 1907-இல் இந்தியன் பாங்கு தோன்றியது. 1938-இல் திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கும் வீழ்ந்தது. பின்னர் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச மூலதனத்தை விதித்தது. பொறுப்புகளில் நூற்றுக்கு 20 பங்கை ரொக்கமாகவோ, பொன்னாகவோ, அங்கீகரித்த பத்திரங்களாகவோ வைத்திருக்கப் பணித்தது. அதுவும் போதவில்லை. எங்கள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த 1960-இலேயே கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. 1962-இல் வைப்புத்தொகைக்குக் காப்புறுதி வந்தது.

ஆனால் காவல் மிகுந்தாலும் கேடு உண்டு. 1990-91-இல் பத்திர இருப்பு விகிதம் 38.5, ரொக்க இருப்பு விகிதம் 15 என உயர்ந்து, வைப்புத்தொகையில் பாதிக்குமேல் கட்டுண்டது. அரசாங்கத்துக்கு மலிவாகக் கடன் கிடைத்தது. உழவருக்கும் நெசவாளருக்கும் வணிகருக்கும் எஞ்சியது குறைவே. அவற்றைக் குறைக்குமாறு 1991-இல் நரசிம்மம் குழு பரிந்துரைத்தது.

ஏரியை உவமை காட்டியே மாணாக்கருக்கு இதனை நான் விளக்குவேன். கரை தாழ்ந்தால் ஊர் மூழ்கும். மதகு திறவாவிடில் பயிர் வாடும். இரண்டையும் அறிந்து காப்பவனே நல்ல காவலன்.