குறட்டையின் சரித்திரத்தில் பெண்கள்

செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற 1965-ஆம் ஆண்டில், உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோயின் மர்மம் ஐரோப்பாவில் துலங்கியது.

அதற்கு முன், 1956-இல், பகலில் சீட்டாடும்போதே தூங்கிவிட்ட பருமனான ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் பர்வெல் குழுவினர் எழுதினர். டிக்கன்ஸ் நாவலில் வரும் தூங்குமூஞ்சிப் பையனை நினைத்து அதற்குப் 'பிக்விக் நோய்' என்று பெயரிட்டனர். இரத்தத்தில் மிகுந்த கரியமில வாயுவே தூக்கத்துக்குக் காரணம் என்று கருதினர். பிரான்சில் காஸ்தோ குழுவினரும் ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் உறங்கும் நோயாளிகளின் மூச்சைப் பதிவு செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, மூச்சுப்பாதை அடைபடுகிறது, பிராணவாயு குறைகிறது, மூளை கணநேரம் விழித்ததும் குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு நிகழலாம். காலையில் நோயாளிக்கு எதுவும் நினைவிராது.

மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே இது ஆண்களின் நோய் என்றே எண்ணப்பட்டது. 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், மருத்துவமனையை நாடி வந்தவர்களை விட்டு, 30 முதல் 60 வயதுவரையுள்ள அரசு ஊழியர்களைச் சோதித்தார்கள். ஆண்களில் 100-க்கு 24 பேருக்கும் பெண்களில் 9 பேருக்கும் உறக்கத்தில் மூச்சுத்தடை இருந்தது. அப்படியானால், மருத்துவமனைக்கு வராத பெண்கள் என்ன ஆனார்கள்?

குறட்டை விடுவதைச் சொல்லப் பெண்கள் கூசுவர். அவர்களுடைய முறையீடும் வேறு: அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு. இவை இரத்தசோகை என்றும் வேலைப்பளு என்றும் ஒதுக்கப்பட்டன. மூச்சைத் தூண்டும் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் மாதவிலக்கு நின்றபின் குறைந்துவிடுவதால், அவ்வயதில் இந்நோய் பெருகுகிறது. 2004-இல் வெளிவந்த பம்பாய் ஆய்விலும் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். 2006-இல் வெளியான டெல்லி ஆய்வில்தான் பெண்களும் இடம்பெற்றனர்.

சிகிச்சை இல்லாமலில்லை. மூக்கின்மேல் பொருத்திய மூடியின் வழியே காற்றை அழுத்திச் செலுத்தி, தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையை 1981-இல் ஆஸ்திரேலியாவின் சல்லிவன் வெளியிட்டார். ஆனால் நோயைக் கண்டறிந்தால்தானே சிகிச்சை? கவனியாது விட்டால் இரத்த அழுத்தமும் இருதயக் கோளாறும் தொடரக்கூடும்.

செங்கற்பட்டுக்குத் தெற்கே படாளத்தில், பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, "எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை" என்று ஒரு பெண்மணி சொன்னால், அது உழைப்பின் களைப்பாகவே இருக்கலாம். ஆயினும், இரவில் அவர் குறட்டை விடுகிறாரா, இடையே மூச்சு நிற்கிறதா என்று அருகில் படுப்பவரிடம் கேட்டறிவது நல்லது. அந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை.