விளையாட்டு மைதானத்துக்கு வெளியே: குடும்பம், பள்ளி, தலைமை – சில தன்வரலாறுகளை முன்வைத்து

ஆறாம் வகுப்பில் நான்தான் 'லீடர்'. வாத்தியார் இல்லாத நேரங்களில் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, பேசினவன் பேரை எழுத வேண்டும். மறுபடியும் பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு குறிக்கு ஓர் அடி. அந்த வருஷம் நான் அதிகம் எழுதிய பேர் காலனியிலிருந்து வந்த ஒரு பையனுடையது. அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அவன் பேரை எழுதினால் ஏன்னு கேட்க ஆள் வராது என்பதும் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். நான் எப்படி லீடர் ஆனேன்? வருஷத் தொடக்கத்தில் வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பி, "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். என் அப்பா கூட்டுறவு வங்கியில் கிளார்க். "சரி, நீ லீடரா இரு" என்றார். அவ்வளவுதான் தேர்தல். அந்தப் பையன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். நான் எம்.ஏ. தமிழ் படித்து, இப்போது தலைமை குறித்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பம் ஊக்கம் தருகிறது. பள்ளி மன்றம், விளையாட்டு, பேச்சுப் போட்டி எனக் களம் தருகிறது. மாணவரிடம் லட்சியமும் தலைமைப் பண்பும் மலர்கின்றன. 'ஆளுமை வளர்ச்சி' வகுப்புகளில் சொல்லப்படும் சமன்பாடு இது. இந்தச் சொல்லாடலுக்குள் வருகிற 'குடும்பத்துக்கு'ச் சாதி கிடையாது. 'பள்ளிக்கு'ப் பால் வேறுபாடு கிடையாது. தமிழகத்தின் பொதுவாழ்வில் தலைமைக்கு வந்த சிலர் தம் பள்ளிக் காலத்தைப் பற்றி விட்டுச்சென்ற பதிவுகளோடு இதை உரசிப் பார்க்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

*

இரட்டைமலை சீனிவாசன் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை 1939இல் வெளியிட்டார். சிறு நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிய பகுதி சில வரிகள்தாம். ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர்கள். தன் சாதி இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்தப் பையன் சக மாணவர்களோடு பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனான். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப்பிடித்து ஊரும் பேரும் விசாரிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்தான். கூடி விளையாட முடியாததை அவர் மனக்குறையாகவே பதிவு செய்கிறார்.

இங்கே பள்ளி நடவடிக்கை என்பது என்ன? ஒளிந்துகொள்வது. குடும்பம் என்பது என்ன? யாரிடமும் சொல்லக் கூடாத விவரம். சமன்பாட்டின் இரு பக்கமும் இங்கே சரிந்துவிடுகின்றன. ஆனால் சாதியை மறைத்து ஓடிய இதே மனிதர்தான் 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தப் பேர் வெளியே தெரிந்தால் ஆபத்து என்று பயந்தாரோ, அதையே தலைப்பெழுத்தில் அச்சிட்டு விற்றார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எவருக்கும் தடையிருக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் நடக்கும் உரிமையை அவர் கேட்டதற்குப் பின்னால், தெருவில் வேகவேகமாக நடந்த அந்தப் பையன் இருக்கிறான் என்று வாசிக்க இடமிருக்கிறது.

எனினும் இதை 'அவமானம்தான் தலைவனை உருவாக்குகிறது' என்று சுருக்கிவிடலாகாது. அது ஒடுக்குகிறவனுக்கு ரொம்ப வசதியான தத்துவம். அதே அச்சத்தில் பாதியில் நின்றுபோனவர்கள் தன்வரலாறு எழுதவில்லை.

*

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டைக் கல்லூரியின் முதல்வராக இருந்த பிராமணர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும் என்பது தாயின் கவலை. படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். வயதுக்கு வந்தபின் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரிக்கு மனுப்போட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் பிள்ளையைச் சேர்த்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்றார்கள். மன்னரின் அனுமதியால் சேர்ந்தார். வகுப்பறையில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை. கல்லூரிக்குப் போக மூடிய வண்டி.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம், 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர். இந்த வரிசையை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தந்தை தந்தது கல்வி, ஆங்கிலம், மன்னர் வரை எட்டுகிற செல்வாக்கு. தாய்வழி தந்தது, சமூகம் திரை போட்டு மறைக்கச் சொன்ன ஓர் அடையாளம். சட்டமன்றத்தில் அவர் முன்னெடுத்த முதன்மையான பணி தேவதாசி ஒழிப்பு என்பது தற்செயல் அல்ல. 1930இல் அவர் கொண்டுவந்த மசோதா, 1947இல்தான் சட்டமானது. அச்சட்டத்தை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி மனுக் கொடுத்தார்கள். தங்கள் சொத்துரிமையையும் கலையையும் குறித்துப் பேசினார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த ஒருவர் சட்டமன்றத்தில் பேச எழுந்தபோது, இன்னொரு கூட்டத்துப் பெண்களின் பேச்சு திரைக்குப் பின்னால் போயிற்று. இதை அவர்மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கல்வி ஒரு தன்னிலையை உருவாக்கும்போது எதை விட்டு விலகச் சொல்கிறது என்ற கேள்வியாகவே வைக்கிறேன்.

*

மு. கருணாநிதி 1924இல் திருக்குவளையில், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை முத்துவேலர் மகனை நாதஸ்வரம் பயில அனுப்பினார். கோயிலில் உயர்சாதியார் முன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை பையனுக்குப் பிடிக்கவில்லை. 'நெஞ்சுக்கு நீதி'யில் இதையும், திருவாரூர் உயர்நிலைப் பள்ளியில் இடமில்லை என்றதும் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவதாகத் தலைமையாசிரியரிடம் அடம்பிடித்ததையும் எழுதுகிறார். பள்ளியில் 'பனகல் அரசர்' பற்றிய சிறு நூல் ஒன்று துணைப்பாடம்; அதை மனப்பாடமாகவே படித்தார். 1938 இந்தி எதிர்ப்பில் மாணவர்களைத் திரட்டி ஊர்வலம். 'மாணவநேசன்' கையெழுத்து ஏடு. மாணவர் மன்றம். 1942இல் துண்டறிக்கையாக 'முரசொலி'. பள்ளி இறுதித் தேர்வில் மட்டும் தேறவில்லை.

சமன்பாட்டுக்கு மிக நெருங்கி வருகிறவர் இவர்தான். ஆனால் இங்கும் பள்ளி கொடுத்த களத்தைவிட, பள்ளியின் திண்ணையில் இயக்கம் போட்ட களமே பெரிது. கையெழுத்துப் பத்திரிகைக்கு அச்சகம் வேண்டாம், காசு வேண்டாம். பிரதிக்குப் பிரதி கையால் எழுதினால் போதும். இன்று இதை வாசிக்கும் நம்மில் பலரும் அந்த மரபில் வந்தவர்கள்தாம். பரீட்சைத்தாளில் தோற்ற கை, கையெழுத்து ஏட்டில் தேறியது. அதேசமயம், அன்றைய மாணவர் மன்ற மேடைகள் ஏறத்தாழ முழுக்க ஆண்களின் வெளி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அதே 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்த தமிழர் படையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருந்தார். அவரும் தேவதாசி மரபில் வந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று அந்தக் குடிக்குள்ளிருந்தே ஊர் ஊராகப் பேசியவர். கருணாநிதி ஆட்சி 1989இல் திருமண உதவித் திட்டத்துக்கு இவர் பெயரைச் சூட்டியது. 2022இல் அது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்குத் தங்கம் என்பதிலிருந்து படிப்புக்குப் பணம் என்று வந்து சேர 33 வருஷம் பிடித்திருக்கிறது.

*

தன்வரலாறு ஒரு தந்திரமான பிரதி. தலைவரான பிறகு எழுதப்படுவதால், பால்யத்தின் ஒவ்வொரு சம்பவமும் தலைமைக்கு விதையாகவே தெரியும். குளத்தில் விழுந்துவிடுவேன் என்று மிரட்டி, "போடா வீட்டுக்கு" என்று துரத்தப்பட்ட பையன்கள் எத்தனைபேர்? திரைக்குப் பின்னால்கூட இடம் கிடைக்காத பெண்கள்? அந்த மௌனத்தையும் சேர்த்து வாசித்தால்தான் இந்த நூல்கள் நமக்குப் பயன்படும். அப்படி வாசிக்கையில் எனக்குப் புலப்படுவது இது: மூவருக்கும் குடும்பமும் பள்ளியும் கதவாகவும் இருந்திருக்கின்றன, தாழ்ப்பாளாகவும் இருந்திருக்கின்றன. பூட்டியிருந்த இடத்தைத் தனிமனிதக் கெட்டிக்காரத்தனம் மட்டும் திறக்கவில்லை. ஒருவருக்குப் பத்திரிகையும் சங்கமும், ஒருவருக்கு மாதர் இயக்கம், ஒருவருக்குச் சுயமரியாதை இயக்கம் தேவைப்பட்டன.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றைக் கட்டிவிட்டது குடும்பம், பார்த்துக்கொண்டிருந்தது பள்ளி. அந்தப் பையன்களிடமும் ஒருவித 'தலைமை' இருந்தது, ஒருவித 'லட்சியம்' இருந்தது. அவையும் வீட்டிலும் பள்ளியிலும் கற்றுக்கொண்டவைதாம்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். லோடு வண்டி ஓட்டுகிறான். டீ வாங்கிக் கொடுத்தான். "நீ நல்லா எழுதுவியே, பேரெல்லாம்" என்று சிரித்தான். காசு கொடுக்க நான் கையை நீட்டியபோது, கடைக்காரர் ஏற்கெனவே அவனிடம் வாங்கியிருந்தார்.