விடுமுறை வந்த வரலாறும் அதன் பயனும்

உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, ஓய்வும் அத்துணை இன்றியமையாதது. ஆயினும் ஓய்வு நாள் தானாகவே நமக்கு வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அஃது எவ்வாறு வந்தது என்பதையும், வந்ததை எவ்வாறு பயன்படுத்துதல் தகும் என்பதையும் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

நம் முன்னோர் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொண்டாரல்லர். எனினும் அவர்க்கு ஓய்வு இல்லாமற் போகவில்லை. அமாவாசையன்று ஏர் பூட்டமாட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று எருதுக்கும் நுகத்தடியினின்று விடுதலை உண்டு. காணும் பொங்கலன்று இளையோர் முதியோரைக் கண்டு வணங்கி ஆசி பெறுவர். ஆடிப் பதினெட்டில் காவிரிக் கரையூரார் சித்திரான்னங்களோடு ஆற்றங்கரையிற் கூடுவர். இவ்வோய்வு ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதலின் சுற்றமும் நட்பும் ஒருங்கு கூடத் தடை இருந்ததில்லை.

ஆலைகள் தோன்றியபின் இந்நிலை மாறிற்று. இயந்திரம் அமாவாசையும் அறியாது, ஆடிப்பெருக்கும் அறியாது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்க்கு மாதம் நான்கு நாள் விடுமுறை அளித்தது. வளர்ந்தோர்க்கு ஒன்றும் அளிக்கவில்லை. 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரை ஒன்று திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே என்பார், ஞாயிறுதோறும் ஓய்வு வேண்டுமெனக் கோரினார். மகாராஷ்டிர மக்கள் வழிபடும் கண்டோபாவுக்கு உரிய நாளும் ஞாயிறே. ஆறாண்டு முயற்சிக்குப் பின், 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இசைந்தனர். மறு ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளர் அனைவர்க்கும் வாரம் ஒரு நாளை உரிமையாக்கிற்று.

ஆலைக்குக் கிடைத்தது கடைக்குக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1942-இல் வார விடுமுறைச் சட்டம் வந்தது. 1947-இல் சென்னை மாகாணத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடைச் சிப்பந்திகளுக்கு வாரம் ஒரு முழு நாளும், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர்க்கு ஊதியத்துடன் 12 நாளும் விடுமுறை வகுத்தது.

நிற்க. நம் சமூகத்தாரிற் கடை நடத்துவோரும் உளர்; கடைகளில் வேலை பார்ப்போரும் உளர். இருவர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. சட்டம் நாளைத் தந்ததேயன்றி, கூட்டுறவைத் தரவில்லை. 2019 முதல் தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க இசைவு அளிக்கப்பட்டது. சிப்பந்திகள் முறை வைத்து ஓய்வு கொள்வர். தந்தைக்குச் செவ்வாய், மகனுக்கு ஞாயிறு என்றால், ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒருங்கிருப்பது எந்நாள்? ஜவுளிக் கடைச் சிப்பந்தி தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவு வரை பிறர் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தம் பிள்ளைக்குரியதை விடியற்காலையிற் கொண்டு செல்கிறார்.

கடையை அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்பர் சிலர். அவ்வச்சம் முற்றும் பொய்யென்று சொல்லோம். ஆயினும், பிள்ளை பெற்ற சிப்பந்திக்கு மாதத்தில் ஒரு முறையேனும் பள்ளி விடுமுறை நாளில் ஓய்வு தருவதாலும், பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஊருக்கு அனுப்புவதாலும் எந்தக் கடையும் நொடித்துவிடாது. முதலாளி தம் வீட்டுப் பண்டிகைக்கு விரும்பும் இன்பம் சிப்பந்தியின் வீட்டிற்கும் உரியதன்றோ?

விடுமுறை பெற்றோர்க்கும் கடமை உண்டு. பாட்டியின் வாயாற் கேட்கும் குடும்பக் கதை, பங்காளிகளிடையே ஒரு வேளை உணவில் தீரும் மனத்தாங்கல், நோயுற்ற நண்பரைச் சென்று காணுதல் ஆகிய இவை வேறெந்நாளிலும் கைகூடா. அரும்பாடுபட்டுப் பெற்ற நாளை உறங்கியே கழித்தல், ஈட்டிய பொருளை ஆற்றிற் கொட்டுதல் போலாம்.

ஆகவே, வரும் பண்டிகைக்கு நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாமும் வீட்டில் இருந்து, தம்மிடம் வேலை செய்வோரையும் அவரவர் வீட்டில் இருக்கச் செய்யுமாறு வேண்டுகின்றோம்.